‘தூண்டி’ என்ற ஒரு சொல்: முன்விடுதலைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆயுள் தண்டனைக் கைதிகளின் முன்விடுதலைக் கோப்புகளைப் பரிசீலிக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓர் ஆயுள் கைதி. சில நாள் விடுப்பில் வெளியே வந்திருக்கிறேன். காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், நான் சொல்லச் சொல்ல அக்கா மகள் செல்போனில் தட்டித் தருகிறாள். என் பெயரையும் சிறையின் பெயரையும் போடவில்லை. பாதி பயம். மீதி, இது என் ஒருவனுடைய கோப்பைப் பற்றிய மடல் இல்லை என்பதால். எந்த மத்திய சிறையிலும் என்னைப் போல ஒருவன் இருப்பான், எந்த மாநிலத்திலும் உங்களைப் போல ஒரு குழு இருக்கும்.

2007-ல் ஒரு மனிதரைக் கொன்றேன். அப்போது எனக்கு 25 வயது. அதற்குக் காரணம் என்று எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. தீர்ப்பில் எல்லாம் இருக்கிறது, தீர்ப்பும் சரியானதுதான்.

என் முன்விடுதலை இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. முதல் முறை வந்த கடிதத்தில் காரணமே இல்லை, ‘ஏற்க இயலவில்லை’ என்பதோடு முடிந்துவிட்டது. இரண்டாம் முறை உயர் நீதிமன்றத்துக்குப் போனோம். அரசுத் தரப்பில் தாக்கல் செய்த பதில் மனுவின் நகலை வழக்கறிஞர் கொண்டுவந்து கொடுத்தார். என்னைப் பற்றி உங்கள் மேசைக்கு என்ன எழுதிப் போயிருக்கிறது என்று அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். அதில் ஒரு வரி: ‘சக சிறைவாசிகளைத் தூண்டி மனுக்கள் எழுதச் செய்யும் பழக்கமுடையவர்.’

மற்ற வரிகளுக்கு வழக்கறிஞர் பதில் சொல்லிக்கொள்வார். இந்த ஒரு வரிக்கு நான்தான் சொல்லவேண்டும்.

உள்ளே ‘மனு’ என்றால் இரண்டு அர்த்தம். ‘உனக்கு மனு வந்திருக்கு’ என்று வார்டர் கூப்பிட்டால், பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று பொருள். அம்மாவோ மனைவியோ கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். வருஷம் ஏற ஏற அந்த மனு குறைந்துகொண்டே போகும். அம்மா இறந்துபோவார், பிள்ளைகளுக்கு வேலை வந்துவிடும், மனைவிக்கு இன்னொரு வாழ்க்கை அமைந்திருக்கும். ஒருநாள் அடியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு மிச்சமிருப்பது இன்னொரு மனு, வெள்ளைத் தாளில் ‘பொருள்’ என்று போட்டு எழுதுவது. அதை எழுதவும் அவருக்குத் தெரியாது என்றால் அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

நான் எழுத ஆரம்பித்தது பெரிய லட்சியத்தால் இல்லை. முதல் சில வருஷம் பதினான்கு வருஷக் கணக்கு மட்டுமே போட்டுக்கொண்டிருந்தேன். ஆயுள் என்றால் பதினான்கு வருஷம் என்று வெளியே எல்லோரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். ஆயுள் தண்டனை என்பது ஆயுள் முழுவதும்தான் என்று 1961-லேயே கோபால் விநாயக் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978-ல் சேர்த்த 433ஏ பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 475, என்னைப் போன்ற வழக்குகளில் பதினான்கு வருஷம் முடியும்முன் விடக்கூடாது என்கிறது. முடிந்ததும் விடவேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. சிறை நூலகத்தில் இருந்த பழைய சட்டப் புத்தகத்தில் இதைப் படித்த அன்று என் கணக்கு நோட்டு வீணாகிப் போயிற்று. அதன்பின் கொஞ்ச காலம் யாரோடும் பேசவில்லை. அந்தக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பிளஸ் டூ படித்திருந்ததால் அலுவலகத்தில் ரைட்டர் வேலை கிடைத்தது. பதிவேடுகளில் எழுதுவது, எண்ணிக்கை கூட்டுவது. அங்கேதான் அந்தப் பெரியவர் வந்தார். இரண்டு பிரிவுகளில் தண்டனை, ஒன்றில் 7 வருஷம், இன்னொன்றில் 3 வருஷம். ‘தம்பி, என் தேதி எப்பன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க’ என்றார். பதிவேட்டில் இருந்த தேதியைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ‘அப்ப இன்னும் இருக்குது’ என்று போய்விட்டார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. தீர்ப்பு நகல் இருக்கிறதா என்று கேட்டேன். படுக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார், ஆறு வருஷமாக. மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. ஆங்கிலத் தீர்ப்பு. கடைசிப் பக்கத்தில், நீதிபதியின் கையெழுத்துக்கு நான்கு வரி மேலே, எனக்குத் தெரியாத ஒரு சொல்: கன்கரன்ட்லி.

நூலக அகராதியில் தேடினேன். ஏககாலத்தில். அதாவது இரண்டு தண்டனையும் ஒன்றோடொன்று சேர்ந்தே ஓட வேண்டும், மொத்தம் ஏழு வருஷம்தான். நீதிமன்றத்திலிருந்து சிறைக்கு வந்த வாரண்டில், அதாவது தண்டனையைக் குறித்து அனுப்பும் உத்தரவில், அந்த வரி விடுபட்டிருந்தது. வாரண்டைப் பார்த்து இங்கே பத்து என்று கூட்டிவிட்டார்கள். யார் மேலும் குற்றமில்லை என்றுதான் சொல்வார்கள். வாரண்டை எழுதியவர் வேலைப் பளுவில் இருந்திருப்பார், பதிவேட்டில் ஏற்றியவர் வாரண்டை மட்டும்தான் பார்க்க வேண்டும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படிக்கவேண்டியவர் ஒருவர்தான், அவருக்குப் படிக்கத் தெரியாது.

வாழ்க்கையில் நான் எழுதிய முதல் மனு அது. நாலு ராத்திரி ஆயிற்று. லாக்கப்புக்கு, அதாவது எங்களை உள்ளே வைத்துப் பூட்டியதற்கு, பிறகும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், வெளிச்சத்துக்குக் குறையில்லை. ‘பெறுநர்’ இடத்தில் யாரைப் போடுவது என்பதில்தான் இரண்டு ராத்திரி போயிற்று. கண்காணிப்பாளர் வழியாக நீதிமன்றத்துக்குப் போய், சில மாதம் கழித்துத் திருத்திய வாரண்ட் வந்தது. பெரியவர் கிளம்பும் அன்று கதவருகே நின்று, ‘அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி’ என்றார். சொன்னேன். ‘கங்காரன்டி’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மகிழ்ச்சி என்று சொன்னால் பொய். கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. அதற்கு முன் என் கோபத்துக்கு வேலை எதுவும் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தால் 2007-ல்... சரி, அதை விடுவோம்.

பிறகு நானாகப் போய் யாரையும் கேட்கவில்லை. அவர்களே வந்தார்கள். விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்கவில்லை என்று ஒருவர். மேல்முறையீட்டுக்குக் காலம் தாண்டிவிட்டது என்று ஒருவர். மகள் கல்யாணத்துக்கு விடுப்பு கேட்டு ஒருவர், அப்படி வந்தவர்கள்தான் அதிகம். காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி உரிமை என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய ஆணையம், சட்டத் தன்னார்வலர்களாக யாரைச் சேர்க்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. ஆசிரியர்கள், மாணவர்கள் என்று போகிற அந்தப் பட்டியலில், நீண்ட காலத் தண்டனை அனுபவிக்கும், படித்த, நன்னடத்தையுள்ள சிறைவாசிகளும் இருக்கிறார்கள். அந்தப் பயிற்சியை நானும் முடித்தேன். ஆக, ஓர் அரசு அமைப்பு எனக்கு ‘எழுதிக் கொடு’ என்று அட்டை கொடுத்தது, இன்னோர் அரசு அமைப்பு ‘எழுதிக் கொடுக்கிறான்’ என்று அறிக்கை எழுதியது. இரண்டு தாளும் ஒரே கோப்பில்தான் இருக்கின்றன. பார்க்கலாம்.

பயிற்சிக்குப் பிறகு விசாரணைக் கைதிகள் பக்கமும் போக முடிந்தது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் நிரூபணம் ஆகாதவர்கள். தண்டனை பெற்ற நான், தண்டனை பெறாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. ஜாமீன் ஆணை வந்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-ல் சொன்னது. அந்த ஏழு நாளை எண்ண ஓர் ஆள் வேண்டும். எங்கள் பக்கம் நான் எண்ணினேன்.

தவறும் செய்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுக்கப் பொய்யாகிவிடும்.

இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன். தன்னை அடித்துவிட்டார்கள் என்று வந்தான். சட்டையைத் தூக்கிக் காட்டினான். முதுகில் இரண்டு கோடு, லத்தித் தழும்பு. அப்போது நான் நிறைய எழுதிவிட்டிருந்தேன், கைக்குக் கொஞ்சம் திமிர் வந்திருந்தது. எஃப்.ஐ.ஆர்.களில் படித்த சொற்களையெல்லாம் எடுத்துப் போட்டேன். ‘கொலைவெறித் தாக்குதல்’ என்று எழுதினேன், ‘தலையிலும் மார்பிலும்’ என்று எழுதினேன். அவன் சொன்னது முதுகை மட்டும்தான். விசாரணை வந்தது. மருத்துவர் பார்த்தார். தலையில் ஒன்றுமில்லை, மார்பில் ஒன்றுமில்லை. ‘மிகைப்படுத்தப்பட்ட புகார்’ என்று முடித்தார்கள். பத்து நாளில் பையனை நிர்வாகக் காரணத்துக்காக வேறு சிறைக்கு மாற்றினார்கள். மாதா மாதம் மனுவுக்கு வந்துகொண்டிருந்த அவன் அம்மாவுக்கு அந்தத் தூரம் ஆகாது. அவன் வாங்கிய இரண்டு அடி உண்மை. நான் சேர்த்த மூன்றாவது அடி அந்த இரண்டையும் பொய்யாக்கிவிட்டது.

மனு எழுதியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கூப்பிட்டு ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். கைநாட்டு வைத்தவன்தான் வண்டி ஏறினான்.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். அவர்கள் சொல்வதை மட்டுமே எழுதுவேன். எழுதியதைப் படித்துக் காட்டுவேன். ‘இது நீங்க சொன்னதுதானா?’ என்று கேட்பேன். ‘இதைக் கொடுத்தா உங்களை மாத்தக்கூடும், பரவாயில்லையா?’ என்றும் கேட்பேன். நிறையப் பேர் அந்த இடத்தில் ‘வேணாம்ணே’ என்று எழுந்து போய்விடுவார்கள். அந்தத் தாளை அவர்கள் கண்முன்னே கிழித்துப்போடுவேன். தூண்டுகிறவன் செய்கிற வேலையா இது? அந்த ஒரு பையனின் மனுவைக் காட்டி ‘தூண்டினார்’ என்று எழுதியிருந்தால் தலைகுனிந்து ஒப்புக்கொண்டிருப்பேன். அறிக்கை எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது. பழக்கம் என்று பொதுவாக எழுதிவிட்டுப் போய்விட்டார்.

இப்படி எழுதியவர்கள் எனக்கு முன்னேயும் இருந்திருக்கிறார்கள். திகார் சிறையில் மரண தண்டனையோடு இருந்த சுனில் பத்ரா, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் கழுத்தைக் காப்பாற்றச் சொல்லி இல்லை. பிரேம் சந்த் என்ற இன்னொரு கைதியைப் பணம் பறிப்பதற்காகச் சித்திரவதை செய்தார்கள் என்று. அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. 1979 டிசம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னது அந்தத் தீர்ப்புதான். எங்கள் பிளாக் சுவரில் தொங்கும் பூட்டுப் போட்ட பெட்டியை நீங்கள் ஆய்வுக்கு வரும்போது பார்த்திருப்பீர்கள். அது ஒரு கைதி இன்னொரு கைதிக்காக எழுதிய கடிதத்தால் வந்த பெட்டி.

அமெரிக்காவில் டென்னசி மாநிலச் சிறையில் ஜான்சன் என்றோர் ஆயுள் கைதி. மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார் என்று 1965-ல் அவரைக் கடும் காவல் பிரிவுக்கு மாற்றினார்கள். கைதிக்குக் கைதி எழுதிக் கொடுக்கக் கூடாது என்று அங்கே விதியே இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1969-ல் அந்த நீதிமன்றம் கேட்டது எளிமையான கேள்விதான்: எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு உதவ நீங்கள் வேறு ஏற்பாடு செய்திருக்கிறீர்களா? செய்யவில்லை என்றால் அவன் பக்கத்து அறைக்காரனிடம் கேட்பதை எப்படித் தடுப்பீர்கள்? விதி செல்லவில்லை.

உங்கள் படிவத்தில் ‘நன்னடத்தை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் ‘திருப்திகரம்’ என்று வரவேண்டுமானால் எந்தப் பதிவேட்டிலும் பெயர் வராமல் இருந்தாலே போதும். எனக்கு அடுத்த அறையில் இருந்தவர் பன்னிரண்டு வருஷம் யாரோடும் சண்டை போடவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவுமில்லை. அவர் அறிக்கை பளிச்சென்று இருந்தது. அவர் திருந்தினாரா, உடைந்துபோனாரா என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்திலேயே இருந்த எனக்கும் தெரியாது.

இதைச் சொல்வதால், எனக்குக் கூடுதல் மதிப்பெண் போடுங்கள் என்று கேட்பதாக நினைக்கக் கூடாது. உள்ளே பட்டம் வாங்குபவர், ஓவியம் வரைபவர், மனு எழுதுபவர் என்றால் செய்தியில் வருகிறார்கள், விடுதலைக்கும் அது ஒரு சிபாரிசாக மாறுகிறது. எங்கள் பிளாக்கில் ஓர் எழுபது வயதுக்காரர் இருக்கிறார். எழுதத் தெரியாது, பாடத் தெரியாது, ஒரு திறமையும் கிடையாது. காலையில் எழுந்து முற்றம் பெருக்குவார். இளைஞனாக வந்தவர், பெருக்கிப் பெருக்கியே கிழவராகிவிட்டார். என் கோப்புக்கு முன்னால் அவர் கோப்பு எடுக்கப்பட வேண்டும். லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் உங்களைப் பார்க்கச் சொன்ன விஷயங்களில் திறமை என்ற ஒன்று இல்லை. குற்றம் சமூகத்தைப் பாதித்ததா, மறுபடி செய்ய வாய்ப்புண்டா, செய்யும் சக்தியை இழந்துவிட்டாரா, இன்னும் உள்ளே வைத்திருப்பதில் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. அந்தப் பெரியவரை உள்ளே வைத்திருப்பதில் யாருக்கு என்ன பயன் என்று அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா?

காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரி 18-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தகுதி வந்ததும் அவர் விண்ணப்பிக்காமலேயே அரசு பரிசீலிக்க வேண்டும் என்பதையும் அதே உத்தரவு சொல்கிறது. என் கையில் எழுதி வாங்கிய மனுக்களில் ஒரு பெரிய பகுதி அதனால் தேவையில்லாமல் போக வேண்டும். போகட்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

முடிந்தால் கோப்பைப் பார்ப்பதோடு ஆளையும் பாருங்கள். ஒரு கைதிக்குப் பத்து நிமிஷம். என்னைக் கேட்டால் எந்த நன்னடத்தை அலுவலர் அறிக்கையையும்விட அந்தப் பத்து நிமிஷம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் கொன்றவரின் மனைவி என் விடுதலையை எதிர்த்துக் கடிதம் கொடுத்திருப்பதாக அதே பதில் மனுவில் படித்தேன். அந்த வரிக்கு நான் பதில் சொல்லவில்லை, வழக்கறிஞரையும் சொல்ல வேண்டாம் என்றேன். அவருக்கு அந்த உரிமை உண்டு. நான் எழுதிய மனுக்களை ஒரு தட்டில் போட்டு அவர் கணவரை மறு தட்டில் வைக்க முடியாது. வைக்க நான் ஒருநாளும் முயன்றதில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் எனக்கு அந்தக் கடிதத்தில் ‘பொருள்’ என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. அதுவுமில்லாமல், என் கையெழுத்து ஒருநாள் அவர் வீட்டு வாசலில் வந்து விழுவதே இன்னொரு கொடுமையாக இருக்கும். நீங்கள் அவரை நேரில் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், யாரும் எதையும் சேர்க்காமல்.

வியாழக்கிழமை மாலை நான் உள்ளே போக வேண்டும். ஒருவருடைய மேல்முறையீட்டு எண்ணை விசாரித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், அது கிடைத்துவிட்டது. ‘மாமா, உங்களுக்கு விடுதலை வேணும்னு எங்கயுமே எழுதலையே’ என்று அக்கா மகள் கேட்கிறாள். வேண்டும்தான். அது தனி மனுவில் இருக்கிறது, உரிய வழியில் உங்களுக்கு வரும்.

இந்த மடலில் கேட்பது சின்ன விஷயம். என் கோப்பு மறுபடி உங்கள் மேசைக்கு வரும்போது அந்த வரி அங்கேயே இருக்கும். அதில் ‘தூண்டி’ என்பதையும் ‘எழுதச் செய்யும்’ என்பதையும் அடித்துவிட்டு, ‘சக சிறைவாசிகளுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்’ என்று மாற்றுங்கள். அதன்பிறகு அந்த வரியைப் படித்துவிட்டு என்னை விடுவதோ வைத்திருப்பதோ உங்கள் முடிவு.

இப்படிக்கு,
ஆயுள் தண்டனைக் கைதி ஒருவன்